கை மரத்துப்போவதை அலுப்பு என்று நினைத்து நான் இழந்தது

கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் 5 வருடம், அதற்குப் பிறகு இரும்புப் பட்டறையில் கிரைண்டர் 12 வருடம். அதிரும் மெஷினோடு நான் இருந்தது மொத்தம் 17 வருடம். வெல்டிங் முடிந்த இணைப்பைத் தேய்த்துச் சமன் செய்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தெரியும். யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் தடவிச் சரி என்றால் அது சரி. இன்று கண்ணை மூடிக்கொண்டால் என் விரலிடுக்கில் இருப்பது வாஷரா நட்டா என்று எனக்குத் தெரியாது. இது எப்படி ஆனது, எந்தெந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தால் ஆறேழு வருடம் முன்பே வேறு மாதிரி வேலை பார்த்திருப்பேன்.

முதலில் வலி வரவில்லை. சாயங்காலம் மெஷினை நிறுத்தி வைத்த பிறகும் உள்ளங்கைக்குள் அது ஓடிக்கொண்டே இருப்பது போல இருக்கும். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி விறுவிறுக்கும். கைகால் கழுவி உடை மாற்றுவதற்குள் போய்விடும். 10 நிமிடம், மிஞ்சிப்போனால் 20. கூட வேலை பார்த்த எல்லோருக்கும் அது இருந்தது. எல்லோருக்கும் இருந்ததாலேயே அது ஒரு கோளாறு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பட்டறையில் மூத்தவர் ஒருவர், "மெஷின் பிடிச்ச கை அப்படித்தான்டா இருக்கும், தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்பார். அவருடைய மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியே இருக்கும், நீட்ட வராது. அதை வயசு என்று நினைத்தோம். உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள திசு தடித்து விரலை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கோளாறுக்கு டூபுய்ட்ரன் சுருக்கம் என்று பெயர் இருப்பதும், அதிரும் கருவி பிடிப்பவர்களுக்கு வரும் தொழில்நோயாக 2019-ல் பிரிட்டன் அதைப் பட்டியலில் சேர்த்ததும் எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. பரம்பரையாகவும் அது வரும். அவருக்கு எதனால் வந்தது என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

நான் நிறுத்தியிருக்க வேண்டிய முதல் இடம் அதுதான். மெஷினைக் கீழே வைத்த பிறகு விறுவிறுப்பு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் 20 ஆகி, 20 நிமிடம் ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் கை உங்களிடம் எதையோ சொல்கிறது. எனக்கு அது நிமிடக் கணக்கிலிருந்து ராத்திரிக் கணக்குக்கு வந்து நிற்க மூன்று வருடம் ஆனது. தூக்கத்தில் 2 மணிக்கு விழிப்பு வரும். கை கட்டை போலக் கிடக்கும். கட்டிலில் உட்கார்ந்து உதறி உதறித்தான் உயிர் வரும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி என்னவென்று கேட்டால், "கையை அமுக்கிப் படுத்துட்டேன்" என்பேன்.

ஒரு நாள் மகளுக்குக் காலில் முள் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் முள் எடுப்பது என் வேலை. ஊசியை எடுத்தேன். ஊசி என் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. தோலைத் தடவி முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை தவறான இடத்தில் குத்தினேன். பிள்ளை அலறிவிட்டாள். மனைவி ஊசியை வாங்கிக்கொண்டாள். கண் மங்கிவிட்டது, கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி முழுக்க விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நடுவில் மெல்லிய துணி ஒன்று இருப்பது போலவே இருந்தது.

விரல் வெளுத்தது அதற்குப் பிந்தைய குளிர்காலத்தில். விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால், இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரைக்கும் சுண்ணாம்பு தோய்த்தது போல வெள்ளையாக இருந்தன. கோடு போட்டாற்போல் ஓர் இடத்தில் வெள்ளை நின்று, அதற்கு மேல் சாதாரண நிறம். கிள்ளினேன், தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து ரத்தம் திரும்பி வந்தபோது விரல் சிவந்து விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியைவிட, வெளுத்த விரலைப் பார்த்தபோது வந்த பயம் பெரிது. என் கையில் செத்துப்போன விரல் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. கிரைண்டரில் பக்கப் பிடியை இறுக்கிப் பிடிப்பது என் இடது கைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம், சொல்லாவிட்டால் சரியாகிவிடும் என்ற நப்பாசை, இரண்டும் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன.

விரல் வெளுக்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நான் இழந்த மாதங்களில் பாதி இது தெரியாததால் போனது. டாக்டரிடம் போய் நிற்கும்போது கை சூடாகி நிறம் திரும்பியிருக்கும். அவர் பார்ப்பது நல்ல விரலை. எந்த விரல், எது வரை வெளுத்தது, எத்தனை நிமிடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தேதியோடு எழுதி வைத்திருந்தால் அதுவே பாதிச் சோதனை.

நான் பார்த்த முதல் டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லை. வைட்டமின் குறைவாக இருக்கலாம் என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர் கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்து, கழுத்துப் பட்டை போடச் சொன்னார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கை மரத்துப்போவதற்கு அவையெல்லாமும் காரணமாகலாம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏழு மாதமும், கழுத்துப் பட்டை போட்ட பிறகும், வேலைக்குப் போன நாளெல்லாம் நான் கிரைண்டர் பிடித்தேன். அவர்கள் என் வேலையைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்ன தொழில் என்று கேட்ட இடத்தில் "கம்பெனி வேலை" என்று எழுதிக்கொடுத்தவன் நான். மூன்றாவதாகப் பார்த்த பெண் டாக்டர் என் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, கையில என்ன மெஷின் பிடிக்கிறீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு ஏழு மாதம் அலைந்திருக்கிறேன். அதனால் உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாக நீங்களே சொல்லுங்கள்: இன்ன மெஷின், இத்தனை வருடம், தினம் இத்தனை மணி நேரம்.

அவர் செய்த சோதனைகள் பெரிதாக ஒன்றும் இல்லை. வெவ்வேறு தடிமனில் நைலான் இழைகளால் விரல் நுனியைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். தொட்டு முடித்துவிட்டதாக அவர் சொன்னபோது நான் இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துளைப் பலகையில் சின்னக் குச்சிகளை நேரம் பார்த்துச் செருகச் சொன்னார். கைப்பிடி பலம் அளந்தார். நரம்பில் மின்னோட்டம் செலுத்தி வேகம் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். அதில் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதும் தெரிந்தது. அதிர்வில் வேலை செய்பவர்களுக்கு அதுவும் சேர்ந்து வருவது உண்டு. ராத்திரியில் கை மரத்து எழுப்பியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்றார். மணிக்கட்டு நெருக்கத்துக்குப் பட்டை, ஊசி, அறுவை சிகிச்சை என்று வழி இருக்கிறது. ஆனால் விரல் நுனி நரம்பே பழுதானால் அறுவை சிகிச்சையால் அது திரும்பாது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கத்தி வைக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என் நோய்க்குக் கை-புய அதிர்வு நோய்க்குறி என்று பெயர் சொன்னார். 1986-ல் ஸ்டாக்ஹோமில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் ரத்தக்குழாய்க்கு ஒரு கணக்கு, நரம்புக்கு ஒரு கணக்கு, அதுவும் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாக. எனக்கு ரத்தக்குழாய் இரண்டாம் நிலை, நரம்பு வலது கையில் மூன்றாம் நிலை. நரம்புக் கணக்கில் மூன்றுக்கு மேல் நிலையே கிடையாது. அதிர்வு ரத்தக்குழாயின் சுவரைக் கெடுத்து, குளிர் பட்டதும் குழாய் அளவுக்கு மீறிச் சுருங்கி ரத்தத்தை நிறுத்திவிடுகிறது, அதனால்தான் வெளுக்கிறது. நரம்பைக் கெடுப்பது தனி வழியில் நடக்கிறது. விரல் வெளுக்கவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளுக்காமலே உணர்வு போனவர்கள் உண்டு. "வெளுக்கிறது ஓரளவு குறையலாம். போன உணர்வு திரும்பி வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது 41 வயது.

அதன் பிறகு படித்துப் பார்த்ததில்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. குளிரில் விரல் வெளுப்பதை மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதியிருக்கிறார். காற்றழுத்தக் கருவி பிடிக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது வருவதை 1911-ல் இத்தாலியில் லோரிகா எழுதினார். 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் இண்டியானாவில் பெட்ஃபோர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களிடம் நேரில் போய், காற்றுச் சுத்தியலில் வேலை செய்பவர்களின் விரல்கள் குளிரில் செத்து வெளுப்பதைப் பதிவு செய்தார். நான் பிரேக்கரை முதன்முதலாகக் கையில் எடுத்த நாளில் இதெல்லாம் பழைய செய்தி. என்னிடம் கண்ணாடி போடு, ஹெல்மெட் போடு, காதை அடை என்று சொன்னார்கள். கையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் நீங்கள் கையோடு எடுத்துப்போக வேண்டும். அதிர்வை மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் என்ற அலகில் அளப்பார்கள். பல மெஷின்களோடு வரும் புத்தகத்தில் அந்த எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-ல் வந்த ஆணையும், பிரிட்டனில் 2005-ல் வந்த விதிகளும் 8 மணி நேர வேலைக்குச் சராசரியாக்கி இரண்டு கோடு போட்டிருக்கின்றன. 2.5-ஐத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. உங்கள் இடத்தில் என்ன சட்டம் இருந்தாலும், இல்லாவிட்டாலும், உங்கள் கைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எண் 5 என்றால் 2 மணி நேரத்தில் முதல் கோடு, 8 மணி நேரத்தில் இரண்டாவது. 7 என்றால் ஏறக்குறைய 1 மணி நேரம், 4 மணி நேரம். 10 என்றால் அரை மணி, 2 மணி நேரம். 20 என்றால் எட்டு நிமிடத்துக்குள் முதல் கோடு, அரை மணியில் இரண்டாவதும் வந்துவிடும். அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் பாதியாகக் குறையாது, நாலில் ஒரு பங்காகிவிடும். இது தெரியாமல் நான் பிரேக்கரைத் தினம் நாலைந்து மணி நேரம் பிடித்தேன். இன்னொன்று: புத்தகத்தில் இருக்கும் எண் புது மெஷினைச் சோதனைக் கூடத்தில் அளந்தது. தேய்ந்த பேரிங்கும் மொண்ணை உளியும் உள்ள மெஷின் அதைவிட அதிகம் அதிரும்.

இங்கே மணி நேரம் என்பது விசையை அழுத்தி மெஷின் ஓடும் நேரம் மட்டும்தான். எட்டு மணி நேரமும் கிரைண்டர் பிடித்தேன் என்று நாம் சொல்வோம். அளந்து பார்த்தால் ஓடியது மூன்று மணி நேரமாக இருக்கும். அதனால் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ போய் "கை மரக்குது" என்றால் கேட்க மாட்டார். "தினம் 3 மணி 10 நிமிடம் மெஷின் ஓடுது, இதோட அளவு 7, முதல் கோட்டைத் தாண்டி இருக்கு" என்று தாளைக் காட்டினால் அதை ஒதுக்கித் தள்ளுவது கடினம். தாளில் ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால் அதுதான் சாட்சி. என்னிடம் எந்தத் தாளும் இல்லை. 12 வருடம் வேலை பார்த்த இடத்தில் டாக்டர் சீட்டைக் கொடுத்தபோது, "இது இங்க வந்ததுன்னு எப்படிச் சொல்றே, முன்னாடி நீ பிரேக்கர்தானே பிடிச்சே?" என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மறு மாதம் வேலையும் இல்லை.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்களிடம் அலைந்த ஏழு மாதத்தில் வேலைக்குப் போகாத நாள் 31. சோதனைக்கும் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் போனது ஒன்றரை மாதக் கூலி. வேலை போன பின் நாலு மாதம் வீட்டில். இப்போது வேறொரு பட்டறையில் அளந்து கோடு போடும் வேலை, வந்த பொருளைச் சரிபார்க்கும் வேலை. முன்பு வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. மனைவியிடம் முழுக்கச் சொன்னது வேலை போன அன்றுதான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, "ரெண்டு வருஷமா ராத்திரி கையை உதறினப்பவே ஏன் சொல்லல?"

மெஷினை விட முடியாதவர்களுக்கு, விட முடியாது என்று எனக்கும் தெரியும், சில விஷயம். இறுக்கிப் பிடிக்காதீர்கள். மெஷின் நழுவாத அளவுக்குப் பிடித்து, அதன் எடையை வேலை செய்ய விடுங்கள். அழுத்த அழுத்த அதிர்வு கைக்குள் ஏறும். மொண்ணையான உளியையும் ஆட்டம் போடும் டிஸ்க்கையும் உடனே மாற்றுங்கள். பழையதை வைத்து ஓட்டினால் நேரமும் கூடும், அதிர்வும் கூடும். தொடர்ந்து ஒரு மணி நேரம் பிடிப்பதைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்து, நடுவில் வேறு வேலை செய்து, விரலை மடக்கி நீட்டி, தேய்த்துவிடுங்கள். ஆனால் இடைவேளை விடுவதாலேயே மொத்த நேரம் குறைந்துவிடாது, அதைத் தனியாகக் குறைக்க வேண்டும். அதிர்வு தாங்கும் கையுறை என்று விற்பதை நான் மூன்று வருடம் நம்பினேன். பிரேக்கர் போல மெதுவாக இடிக்கும் கருவிகளின் அதிர்வை அது தடுப்பதில்லை என்றே சொல்லலாம். கையுறை போடுங்கள், ஆனால் சூட்டுக்காகப் போடுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். காற்றழுத்தக் கருவியில் வெளியேறும் குளிர்ந்த காற்று கைமேல் வீசாதபடி திருப்பி வையுங்கள். கை மட்டும் சூடாக இருந்தால் போதாது, உடம்பு குளிர்ந்தாலும் விரல் வெளுக்கும். சிகரெட்டை விடுங்கள், நிகோடின் அதே ரத்தக்குழாயைத்தான் சுருக்குகிறது. எனக்குச் சிகரெட்டை நிறுத்த எட்டு மாதம் ஆனது, ஆனாலும் மாத்திரையைவிட இதுதான் எனக்கு உதவியது என்று நினைக்கிறேன். டாக்டர் கொடுத்த நிஃபெடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்துவது, எனக்கு அதில் தலைவலி வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் விரல் வெளுப்பதைச் சொல்லுங்கள், அது இதைக் கூட்டலாம். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மெஷினை விட்டு மூன்று வருடம் ஆகிறது. வெளுப்பது குறைந்திருக்கிறது. முன்பு குளிரில் தினமும், இப்போது மாதத்தில் ஓரிரு தடவை. உணர்வு அப்படியேதான் இருக்கிறது. சட்டைப் பொத்தானைக் கண்ணாடி பார்த்துப் போடுகிறேன். சூடான பாத்திரத்தை மனைவி என் கையில் கொடுப்பதில்லை, தோல் வெந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

புதுப் பட்டறையில் 22 வயதுப் பையன் ஒருவன் கிரைண்டரில் இருக்கிறான். சேர்ந்த மூன்றாவது மாதம், "அண்ணே, சாயங்காலம் கை விறுவிறுங்குது" என்று கையை உதறிக்கொண்டே வந்தான். அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து நிமிடம் எழுத வைத்தேன். அந்தத் தாள்களோடு இரண்டு பேரும் சூப்பர்வைசரிடம் போனோம். இப்போது இருவர் மாறி மாறிப் பிடிக்கிறார்கள், பழைய மெஷின் ஒன்றை மாற்றினார்கள். அவனுக்கு விறுவிறுப்பு நின்றுவிட்டது. வெல்டிங் இணைப்பைச் சரிபார்க்கும்போது நான் சாய்வாக வெளிச்சம் அடித்துக் கண்ணால் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அவனைக் கூப்பிடுவேன். அவன் கையுறையைக் கழற்றி, விரலை மெதுவாக ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க லேசா மேடு இருக்குண்ணே" என்பான். நான் அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவேன்.